குடிப்பானா என்று டாக்டர் கேட்டார்

என் மகனுக்கு வந்த நோயின் பெயரை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். மூன்று தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகுதான் பேனா அந்தச் சொல்லுக்கு வந்திருக்கிறது. குடி. அதனால் வந்த வலிப்பு. அதனால் வந்த சித்தப்பிரமை. எழுதியாகிவிட்டது, இனி மற்றதைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் மலாக்காவில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கடிதங்கள் எழுதும் குமாஸ்தா, இங்கே கிராணி என்பார்கள். காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்கு அடுத்த வரிசையில் வாடகை வீடு. மனைவி பெயர் பார்வதி. எங்களுக்கு ஒரே மகன், சந்திரன். இருபத்தாறு வயது. கிளேபாங் போகும் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற வேலை.

கிளேபாங்கில் பஸ் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில், கடலோரமாக, சம்சு என்ற கள்ளச் சாராயம் விற்கிற வீடு ஒன்று இருந்தது. கடைசி நடை முடிந்ததும் அவன் அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவான். பிறகு காலையில் முதல் நடைக்கு முன்பும் வேண்டியிருந்தது. குளிக்கிற தொட்டிக்குப் பின்னால் பார்வதி போத்தல்களை எடுப்பாள், பழைய துணியில் சுற்றி வெளியே கொண்டுபோய்ப் போடுவாள், என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டாள். நானும் கேட்கமாட்டேன். ‘பையனுக்கு வயிறு சரியில்லை’ என்பதுதான் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர். காலையில் வாந்தி எடுத்தால் வயிறு. கை நடுங்கிப் பசியாறும் தட்டு கவிழ்ந்தால் அதுவும் வயிறு.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த அந்த ஆண்டில் அவனுக்கு ஒரு பெண் அமைந்தது. எங்கள் சாதிசனம், புக்கிட் பாருவில் நல்ல குடும்பம். பெண்ணின் தாய்மாமன் நாகலிங்கம், அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவும் டிரெஸர். ஆடி கழிந்து ஆவணியில் நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று வாய்ப்பேச்சு முடிந்தது. அதற்குள் இந்த வயிற்றை எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று நான் யோசித்தேன். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த வழியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வட்டாரத்து அம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் பத்து நாளைக்குக் கறி, மீன், குடி ஒன்றும் கிடையாது. மீறினால் அம்மன் சும்மா விடமாட்டாள் என்று முரடர்களும் பயப்படுவார்கள். பத்து நாள் நின்றால் பிறகு தானாகவே நின்றுபோகும் என்பது என் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பேச்சை எடுத்தேன்.

“நாளைக்குக் காப்புக் கட்டுறாங்க. நீயும் கட்டிக்க. பத்தே நாளு.”

அவன் வாசலைப் பார்த்தபடி நின்றான். “முடியுமான்னு தெரியலப்பா.”

“ஏன் முடியாது? ஆம்பிளதானே நீ?”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். அன்று சாயங்காலம் கடைசியாகக் குடித்துவிட்டு வந்தான். திங்கட்கிழமை காலை என் கண்ணெதிரே பூசாரி அவன் கையில் கயிற்றைக் கட்டினார். நான்தான் தட்சிணைத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அன்று முழுக்க அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. வியர்த்து வியர்த்துச் சட்டை மாற்றினான். செவ்வாய்க்கிழமை உச்சிப் பூசைக்கு அவனை நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். உறுமி முழங்கிக்கொண்டிருந்தது. சாம்பிராணிப் புகை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சந்திரனின் கைகள் முதலில் ஆடின, பிறகு தோள், பிறகு தலை. பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. யாரோ ஒரு பெண் குலவையிட்டாள். “ஆத்தா வந்துட்டா! கிராணியார் மவன் மேல ஆத்தா வந்துட்டா!”

நான்கு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். கழுத்தில் வேப்பிலை விழுந்தது. மஞ்சள் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். அவன் கண்கள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. “எறும்பு,” என்றான். “கால்ல ஏறுது, தட்டிவிடுங்க, எறும்பு.”

“புத்தக் கேக்குறாடா ஆத்தா!” என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. “புத்துக்குப் பால் ஊத்தச் சொல்லுறா.” ஒரு கிழவர் அப்போதே பால் வாங்க ஆள் அனுப்பினார். சந்திரனுக்குப் பேசியிருந்த பெண்ணின் தாயும் அங்கே வந்திருந்தாள். என் மகனைப் பார்த்துக் கைகூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நடுக்கத்தை நான் பல மாதங்களாக என் வீட்டில் பார்த்திருக்கிறேன். அது என்ன நடுக்கம் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். ஆனாலும் ஊர் அதற்குச் சாமி என்று பெயர் வைத்தபோது, வயிறு என்ற பெயரைவிட இது எவ்வளவு நல்ல பெயர் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் ஆட்கள் விடவில்லை. வாசலில் எலுமிச்சம்பழத்தோடும் விபூதித் தட்டோடும் நின்றார்கள். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருந்த சந்திரன் ஒரு மாதிரி கத்தினான். அது மனிதக் குரலாகவே இல்லை. கண் மேலே செருகியது. உடம்பு பலகைபோல் விறைத்துத் தரையில் விழுந்தது. பிறகு வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. நுரையில் இரத்தம்.

“உக்கிரமா இருக்கா ஆத்தா,” என்று ஒருவர் அவன் உள்ளங்கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்.

பார்வதி அதைப் பிடுங்கி வாசலுக்கு வீசினாள். “ஆத்தாவாவது ஒண்ணாவது! எம்புள்ள நாக்கு கிழியுது, கண்ணு தெரியலியா ஒங்களுக்கெல்லாம்? கார் புடிங்க யாராவது!”

கம்போங் செட்டியில் இருந்த ஒருவர்தான் தன் காரைக் கொண்டுவந்தார். எங்களோடு அதிகம் பேசிப் பழகாதவர், மலாய் பேசும் மலாக்காச் செட்டி, தமிழ் தெரியாது. பின்சீட்டில் தன் சாரோங்கை விரித்து அவனைப் படுக்கவைத்தார். சிறுநீர் போயிருந்ததை அவரும் கவனித்தார், ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

மூன்றாம் வகுப்பு வார்டு. நீளக் கூடம், இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். எங்களை எதிர்கொண்டவர் நாகலிங்கம். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியெல்லாம் மகன் பிழைப்பானா என்று நடுங்கிக்கொண்டு வந்தவன் நான். நாகலிங்கத்தின் முகத்தைப் பார்த்ததும் வேறொரு பயம் வந்து முதல் பயத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

டாக்டர் இளைஞர், சீனர். ஆங்கிலமும் மலாயும் பேசுவார். தமிழருக்கு நாகலிங்கம்தான் மொழிபெயர்ப்பார். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் நேராகவே கேட்டார். எப்போது காய்ச்சல் வந்தது? தலையில் அடிபட்டதா? இதற்கு முன் வலிப்பு உண்டா? எழுதிக்கொண்டே, மற்ற கேள்விகளைக் கேட்ட அதே குரலில், “குடிப்பானா?” என்று கேட்டார்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நாகலிங்கம் வெப்பமானியை உதறிக்கொண்டிருந்தார்.

“நோ, டாக்டர்,” என்றேன்.

நாகலிங்கம் சந்திரனின் கையைத் தூக்கிக் காப்புக் கயிற்றைக் காட்டினார். “இது கோயில் விரதம், டாக்டர். கட்டினவர்கள் மதுவைத் தொடமாட்டார்கள்.” டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை காய்ச்சல் ஏறியது. மூளையைத் தாக்கும் மலேரியாவாக இருக்கலாம் என்று விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க முதுகில் ஊசி போட வேண்டும் என்றார்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலும் நெற்றியும் ஒட்டுமாறு வளைத்துப் பிடித்துக்கொள்ளுவார்கள். இடுப்புக்கு மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே நீள ஊசியைச் செலுத்தினால் முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீர் சொட்டுச் சொட்டாக வரும். தெளிவாக வந்தால் கிருமி இருக்க வாய்ப்பில்லை, கலங்கி வந்தால் ஆபத்து. திரைக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே இரண்டு பேர் அவனை அமுக்கிப் பிடித்தும் கட்டில் நகர்ந்தது. “அப்பா, ஊசிய எடுக்கச் சொல்லுப்பா,” என்று கத்தினான். அந்த நீர் தெளிவாக இருந்தது. தேவையில்லாத ஊசி அது. என் ஒரு சொல்லால் அவன் முதுகில் ஏறிய ஊசி.

அன்று பிற்பகல் அவன் எழுந்து உட்கார்ந்தான். எங்களை அவனுக்குத் தெரியவில்லை. இடது கையில் இல்லாத டிக்கெட் கட்டை வைத்துக்கொண்டு வலது கையால் கிழித்தான். “யாரு இன்னும் டிக்கெட் வாங்கல? கிளேபாங்கா? லிம்போங்கானா? உள்ள போங்க, உள்ள போங்க, வாசல்ல நிக்காதீங்க.”

அடுத்த கட்டிலில் முனியாண்டி என்று ஒரு ரப்பர் தோட்டத் தொழிலாளி, லாரி ஏறிக் கால் உடைந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்தார். “கண்டக்டரே, எனக்கு ஒரு காலுதான் இருக்கு. அரை டிக்கெட்டு போட்டுக் குடு,” என்றார். வார்டு சிரித்தது. சந்திரன் ஒரு டிக்கெட்டைக் கிழித்து அவரிடம் நீட்டினான். முனியாண்டி அந்த வெறுங்காற்றை வாங்கிப் பத்திரமாகத் தலையணைக்கு அடியில் வைத்தார். அப்போது அவர் சிரிக்கவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“கிராணி ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இது சம்சு நடுக்கம்லா. எங்க தோட்டத்துல ரெண்டு பேருக்குப் பாத்திருக்கேன். திடுதிப்புன்னு நிறுத்தினா இப்படித்தான் எறும்பு தெரியும், பூச்சி தெரியும். டாக்டர்கிட்ட சொல்லிப்புடுங்க. அதுல ஒருத்தன் செத்தே போனான்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தோட்டத்துல நடக்குறத எல்லாம் இங்க வந்து சொல்லாதே. என் மகன் படிச்சவன்.” நாகலிங்கத்துக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் மருந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று புட்டிகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

முனியாண்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “படிச்சவருக்கு என்னத்தச் சொல்லுறது,” என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது.

சாயங்காலத்துக்குள் சந்திரன் சுவரைப் பார்த்துப் பேசத் தொடங்கினான். பஸ் பிரேக் பிடிக்கவில்லை என்றான். ஆட்களை இறக்கிவிட வேண்டும் என்று கட்டிலிலிருந்து குதித்தான். நர்ஸ் வேலை பார்க்கும் மிஸி ஒருத்திக்குக் கையில் அடி விழுந்தது. கடைசியில் அவன் கைகளையும் கால்களையும் அகலத் துணிப்பட்டிகளால் கட்டிலோடு கட்டினார்கள். பார்வதி பட்டிக்கு உள்ளே தன் முந்தானையைக் கிழித்துச் செருகினாள், தோல் உரியாமல் இருக்க.

கட்டிலோடு கட்டிய ஒருவனைப் பார்வதி முன்பும் பார்த்திருக்கிறாள். அவள் தம்பி கணபதி. ஜப்பான் சண்டைக்கு முன்னால், யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்த பையன். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பினார்கள். மலாயாவில் அந்த ஊரின் பெயரைச் சொன்னால் போதும், பைத்தியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவன் இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தோம். அவன் அங்கேயே இறந்தபோது பார்வதி வீட்டில் அழுதாள். வெளியில் தலைமுழுகவும் முடியவில்லை.

வியாழக்கிழமை காலை டாக்டர் எங்கள் இருவரையும் வராந்தாவுக்கு அழைத்தார். வெளியே ஏணி வைத்துச் சுதந்திர விழாவுக்கு வண்ண விளக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மலேரியா இல்லை, கிருமியும் இல்லை என்றார் டாக்டர். நாடி மிக வேகமாக ஓடுகிறது, நோயாளி களைத்துக்கொண்டே போகிறான். இது மனநோயாக இருக்குமோ என்று சந்தேகம். “குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா?”

நாகலிங்கம் கைக்கெட்டும் தூரத்தில் நோயாளிகளின் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நோ,” என்றேன்.

டாக்டர் உள்ளே போனதும் பார்வதி என் சட்டையைப் பிடித்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

“ரெண்டு தரம் நோன்னீங்க. அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. எது எதுக்கு நோ?”

“இன்னிக்கு ஒன் தம்பி விசயம்.”

“சரி. அன்னிக்கு?”

நான் விளக்குக் கட்டுகிறவர்களைப் பார்த்தேன்.

“என்னாங்க, கேக்குறேன்ல. அன்னிக்கு என்னா கேட்டாரு?”

“குடிப்பானான்னு கேட்டாரு.”

அவள் கை என் சட்டையை விட்டுவிட்டது. “அதுக்கும் நோவா?” என்றாள் மிக மெதுவாக. “அதுக்குமா?”

“நாகலிங்கம் பக்கத்துல நிக்கிறான் பார்வதி. எப்படிச் சொல்லுவேன்? பொண்ணு வீடு...”

“எம்புள்ள பொணத்துக்கா கல்யாணம் பண்ணப் போறீங்க?”

காஜா பேராங்கில் பத்து வருடம் குடியிருந்ததில், பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிப்பேசி அவளுக்கு மலாய் வந்திருந்தது. விடுவிடுவென்று வார்டுக்குள் போனாள். டாக்டர் வேறொரு கட்டிலுக்குக் குனிந்திருந்தார். எல்லா நோயாளிகளும் கேட்க, நாகலிங்கம் கேட்க, மலாயில் சொன்னாள்: “டாக்டர், என் மகன் குடிக்கிறவன். தினமும். ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்தினோம்.”

டாக்டர் நிமிர்ந்தார். “எவ்வளவு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வயது மகனைப் பற்றி எனக்குத் தெரியாததை, போத்தல்களைச் சுமந்து கொண்டுபோய்ப் போட்டவள் கையால் அளவு காட்டிச் சொன்னாள். டாக்டர் வேகமாகச் சந்திரனின் கட்டிலுக்கு வந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

“இந்தக் கயிறு எப்போது கட்டியது?”

“திங்கட்கிழமை காலை.”

திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று அவர் உதடு அசைந்தது. பிறகு மிஸியைக் கூப்பிட்டு அடுக்கடுக்காக மருந்துகளின் பெயரைச் சொன்னார்.

அதன் பெயர் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பிறகு சொன்னார். நடுக்கத்தோடு வரும் பிதற்றல் என்று அதற்குப் பொருள். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். மது மூளையை அமுக்குகிறது. தினமும் குடிக்கிறவனின் மூளை அந்த அமுக்கலை எதிர்த்து இரவும் பகலும் தள்ளிப் பழகிவிடுகிறது. ஒருநாள் மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால், அமுக்குகிற கை போய், தள்ளுகிற விசை மட்டும் மிஞ்சுகிறது. நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது, ஓடி ஓடி இதயம் ஓய்ந்துபோவது எல்லாம் அதனால் வருபவை. மனவுறுதியால் அதை அடக்க முடியாது. நான் அவனைப் பார்த்து ஆம்பிளதானே என்று கேட்டது நினைவுக்கு வந்தது.

உடனே பாரால்டிஹைடு என்ற மருந்தைத் தொடையில் ஊசியாகப் போட்டார்கள். மூளையைத் தணித்துத் தூங்கவைக்கும் மருந்து. வயிற்றைப் புரட்டும் நாற்றம். அவன் மூச்சிலும் அது வந்தது. கையில் குளுகோஸ் நீர் ஏறியது. மஞ்சள் நிறத்தில் வைட்டமின் ஊசிகள் போட்டார்கள். சோற்றுக்குப் பதில் சம்சுவில் வாழ்ந்த உடம்பில் அந்தச் சத்து துளியும் இருக்காதாம். அது இல்லாவிட்டால் உயிர் பிழைத்தாலும் நினைவு பிழைக்காது என்றார் டாக்டர்.

“பிழைத்துவிடுவானா?” என்று கேட்டேன்.

“செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தால் தைரியமாக ஆம் என்றிருப்பேன்,” என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

நாகலிங்கம் என்னை வராந்தாவுக்கு வரச் சொன்னார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் வெளுத்திருந்தது.

“அண்ணே, எனக்கு மொத நாளே தெரியும்.”

“என்னா தெரியும்?” என்றேன்.

“இந்த வார்டுல எத்தினி வருசமா இருக்கேன். கை நடுக்கத்தப் பாத்தா தெரியாதா? காப்ப எடுத்து டாக்டர்கிட்ட காட்டினனே, ஏன்னு நெனச்சீங்க? நீங்க இல்லன்னு சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. எங்கக்கா மவளுக்குக் குடிகாரனப் பாத்து வெச்சேன்னு ஆஸ்பத்திரி பூராவும் பேசும். அக்கா என்னைய சும்மா வுடுமா?” அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். “மருந்துப் புட்டி என் கையிலதாண்ணே இருந்துச்சு. ரெண்டு நாளா அது என் கையில இருந்துச்சு.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வெளியே ஏணியில் இருந்தவன் விளக்கைப் போட்டுப் பார்த்தான். பட்டப்பகலில் சிவப்பும் நீலமுமாக எரிந்து அணைந்தது.

வெள்ளியும் சனியும் அவன் செத்தவன்போல் கிடந்தான். நெஞ்சு ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சற்று நின்றால் எனக்கும் நின்றது. நாகலிங்கம் தன் வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை, நாடி பார்த்து எழுதுவதை வேறு யாரிடமும் விடவில்லை. முனியாண்டிக்கு அவர் வீட்டிலிருந்து வந்த கஞ்சியில் பாதியைப் பார்வதிக்குக் கொடுத்தார். நான் அவர் கட்டிலருகே போய் நின்றேன்.

“அட உக்காருங்க கிராணி ஐயா,” என்றார். “ரெண்டு நாளு கழிச்சாவது ஒங்க வீட்டுல வாயத் தொறந்தாங்களே. தோட்டத்துல செத்தானே எங்காளு, அவன் பொண்டாட்டி பதினாறாம் நாளு கருமாதி வரைக்கும் மஞ்சக்காமாலைன்னுதான் சொல்லிட்டிருந்தா.”

ஞாயிற்றுக்கிழமை காலை சந்திரன் கண் திறந்து தன் கையில் இருந்த கட்டுகளைப் பார்த்தான். “நான் யாரையாவது அடிச்சிட்டேனா?” என்று கேட்டான். பார்வதி அவன் பாதங்களைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் கட்டுகளை அவிழ்க்கச் சொல்ல மிஸியைத் தேடி ஓடினேன்.

செலவைப் பற்றி எழுத அதிகமில்லை. அரசாங்க ஊழியரின் குடும்பம் என்பதால் ஆஸ்பத்திரி எங்களை வருத்தவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. தம் சொந்த ஆராய்ச்சிக்காக, குடியாலும் மனக் கோளாறாலும் வருகிறவர்களைப் பற்றிக் குறித்துவைக்கிறாராம். மருந்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. வீட்டார் அந்த நோய்க்கு முதலில் என்ன பெயர் சொன்னார்கள், உண்மையைச் சொல்ல எத்தனை நாளானது, யார் சொன்னார்கள். இவ்வளவுதான். வயிற்றுவலி, சூடு, காற்றுக் கருப்பு, கண் திருஷ்டி, பரீட்சைப் பயம். ஒரு பக்கத்தில் என்னுடையதும் இருந்தது. தாமதத்துக்குக் காரணம் மருத்துவத்தில் இல்லை, வெட்கத்தில்தான் இருக்கிறது, அதை அளக்க முடியுமா என்று பார்க்கிறேன் என்றார். “நீங்கள் எழுதத் தெரிந்தவர். உங்கள் மக்களுக்கு உங்கள் மொழியில் எழுதுங்கள். என் குறிப்பை அவர்கள் படிக்கப்போவதில்லை.”

அன்று அவரிடம் கணபதியைப் பற்றியும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். பார்வதி முதல்முறையாக வெளியாள் ஒருவருக்கு முன்னால் தம்பியின் பெயரைச் சொன்னாள்.

கடைசியாக டாக்டர் ஒன்று சொன்னார். அவன் மறுபடியும் குடிக்கக்கூடும். குடித்தால் நீங்களாக நிறுத்தவேண்டாம். பூட்டிவைக்க வேண்டாம், சத்தியம் வாங்கவேண்டாம். உடனே இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்குவோம்.

பெண் வீட்டில் நாகலிங்கமே போய்ச் சொன்னார். சம்பந்தம் நின்றுபோனது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எனக்கு ஒரு மகள் இருந்து, இப்படி ஒரு வரன் வந்திருந்தால், நானும் அதைத்தான் செய்திருப்பேன். சுதந்திர நாளன்று தெருவெல்லாம் ஆட்டமும் பாட்டுமாக இருந்தது. நாங்கள் மூவரும் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். வேலையைவிட்டு நிறுத்தாமல் பஸ் முதலாளி அவனை டிப்போவில் உட்காரவைத்தார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவன் வீட்டுக்கு வரும்போது, எங்கள் வீட்டில் ஒருபோதும் கேட்கப்படாத கேள்வியை நான் கேட்கவேண்டியிருந்தது. “இன்னிக்குக் குடிச்சியா?” முதல் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அவனும் கூசிப்போய், “இல்லப்பா,” என்றான். மூன்று மாதம் அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும். பதில் பொய்யோ என்று தினமும் பயந்தேன். அவன் காலடிச் சத்தத்தை வைத்தே கணிக்கப் பார்த்தேன்.

போன சனிக்கிழமை பிற்பகல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் நனைந்துகொண்டே வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. நான் கேட்பதற்கு முன்பே வாசலில் நின்று சொன்னான்.

“அப்பா, பத்து நாளா குடிக்கிறேன். ஒங்ககிட்ட இல்லன்னு சொன்னதெல்லாம் பொய். இன்னிக்கு நிறுத்தணும். தனியா நிறுத்தப் பயமா இருக்குப்பா.”

மறுபடியும் அந்த வார்டு, அந்த நாற்றம், கட்டிலில் கட்டிய கைகள் எல்லாம் கண்முன் வந்தன. பார்வதி அடுப்படியிலிருந்து வந்து அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் பிரிவில் நீள வரிசை. தகரக் கூரைமேல் மழை இரைந்தது. எனக்குப் பின்னால் யாரோ தோளைத் தொட்டார்கள். எங்கள் அலுவலகத்தின் தலைமைக் கிராணி, கையில் பேரக்குழந்தையோடு. “என்ன நீங்க இங்க? யாருக்கு ஒடம்புக்கு?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் முறை வந்துவிட்டது.

சாளரத்துக்கு உள்ளே பதிவு எழுதும் தமிழ் இளைஞர், தலையை நிமிர்த்தவில்லை. “பேரு? ம். என்னா சீக்கு?”

சொன்னேன்.

“கேக்கலிங்க ஐயா. மழ சத்தம். கொஞ்சம் ஒரக்கச் சொல்லுங்க.”

சந்திரன் என் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றான். பின்னால் நின்றவரின் மூச்சு என் கழுத்தில் பட்டது. பலகையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

“குடி,” என்றேன். “என் மகனுக்கு. நிறுத்த வந்திருக்கான்.”

இளைஞர் அதை எழுதிக்கொண்டார். “வயசு?” என்று கேட்டார்.